வற்றாத சக்தியும் தேய்கின்ற யந்திரமும்

சூரியன், காற்று, நீர், அலை, சாணவாயு என்று ஐந்து பெயர்களை மாணவன் ஒப்பித்துவிட்டால், புதுப்பிக்கத்தக்க எரிசக்தியின் பாடம் முடிந்ததென்று நாம் கருதிவிடுகிறோம். பெயரறிவு வேறு, பொருளறிவு வேறு. இவ்வேற்றுமையை விளக்கத் திருவனந்தபுரத்து ஆசிரியர்கள் தூர தேசத்து உதாரணங்களைத் தேட வேண்டியதில்லை. நகருக்குத் தெற்கே உள்ள விழிஞம் கடற்கரையே போதும்.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் மத்திய அரசின் ஆதரவுடன் அங்கு நிறுவிய அலைமின் நிலையம் 1991-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிற்று. அதன் தத்துவம் எளியது. கடலில் நிறுத்திய கான்கிரீட் அறையினுள் அலை புகுந்து நீர்மட்டம் உயரும்போது, மேலுள்ள காற்று வெளியே தள்ளப்படும். நீர் தாழும்போது காற்று உள்ளே இழுக்கப்படும். எத்திசையில் காற்றுப் பாய்ந்தாலும் ஒரே பக்கமாகச் சுழலும் ‘வெல்ஸ் டர்பைன்’ அக்காற்றால் சுழன்று மின்சாரம் தந்தது. பிற்காலத்தில், கடல்நீரைக் குடிநீராக்கும் பரிசோதனைக்கும் இந்நிலையம் பயன்பட்டது. 2011-ஆம் ஆண்டில் அதன் பணி முடிவுற்றது.

அலை ஓயவில்லை, யந்திரமே ஓய்ந்தது. இதை மாணவருக்குச் சொல்லத் தயங்குவோர் உண்டு. குறைகளைக் கூறினால் ஆர்வம் குன்றிவிடும் என்பது அவர்தம் அச்சம். என் கருத்து இதற்கு மாறானது. ‘இலவசமான, என்றும் குறையாத சக்தி’ என்று மட்டும் கற்ற மாணவன், பின்னாளில் பழுதான ஒரு யந்திரத்தைக் கண்டதும் விஞ்ஞானத்தின் மீதே நம்பிக்கை இழப்பான். எல்லைகளை அறிந்தவனோ அதைச் செப்பனிட முற்படுவான்.

ஆகவே, எந்தச் சக்தியைப் பற்றியும் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும்: எவ்வளவு? எப்போது? யார் பேணுவது? விழிஞத்தில் ஒரு மீட்டர் நீள அலைமுகத்தில் வரும் திறன், ஆண்டுச் சராசரியாகச் சுமார் 13 கிலோவாட். பத்து மீட்டருக்கு 130 கிலோவாட் என்று மாணவரே கணக்கிடுவர். அதில் ஒரு பகுதியே மின்சாரமாகும். நிலையத்தின் 150 கிலோவாட் என்பது யந்திரத்தின் உச்சத் திறனேயன்றி, நாள்தோறும் கிடைத்த அளவன்று என்பது அப்போது தானே விளங்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அலை மிகும். மற்ற மாதங்களில் தணியும். இது இரண்டாம் வினாவுக்கு விடை. உப்புக் காற்றும் மோதும் அலையும் உலோகத்தை ஓயாது அரிப்பதால், பராமரிப்பின்றி அங்கு எதுவும் நிலைக்காது. இது மூன்றாவதற்கு விடை.

களப் பணியாளர்கள் இவ்வினாக்களை அடுக்களைக்கும் கொண்டு செல்லலாம். விளப்பில்சாலைக் குப்பை நிலையம் 2011-ஆம் ஆண்டில் மூடப்பட்ட பின், கழிவை வீட்டிலேயே பயன்படுத்தும் முறைகளுக்கு இந்நகரில் முக்கியத்துவம் ஏற்பட்டது. சாணவாயுக் கலம் அவற்றுள் ஒன்று. ஒரு கன மீட்டர் வாயு, அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த சமையல் வாயுவுக்கு ஈடாகும். ஆயின், மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அளவறிந்து ஊட்டப்பட வேண்டியவை. ஒரேநாளில் மிகுதியான கழிவைக் கொட்டினால் கலவை புளித்து வாயு குன்றும். ‘கலம் கெட்டுவிட்டது’ என்று இல்லத்தார் கூறும்போது, பல வேளைகளில் கெட்டது கலமன்று, ஊட்டும் முறையே.

பணியாளர் கலத்தைக் கொடுப்பதோடு நில்லாமல், அன்றாடம் இட்ட கழிவின் எடையையும் அடுப்பு எரிந்த நிமிஷங்களையும் குறித்துவைக்க அவ்வீட்டுச் சிறுவரைப் பழக்குவாராக. ஆசிரியர் அக்குறிப்புகளை வகுப்பில் வரைபடமாக்குவாராக. ஒரு தராசும் ஒரு கடிகாரமும் இருந்தால் போதும். ஒரு மாதம் இவ்வாறு அளந்த சிறுவன், எரிபொருள் என்பது என்னவென்று தன் கையாலேயே அறிந்தவனாவான். அடுத்த அலைமின் நிலையத்தை நெடுநாள் இயக்கிக் காக்க வல்லவர்கள் அத்தகைய சிறுவர்களிடையேதான் தோன்றுவர்.