ஓய்வுநாள் உலா: நந்தி மலையடியில் திராட்சை மது

சென்ற இதழில் கோலார் தங்கவயலைப் பற்றி எழுதியிருந்தோம். இம்மாத உலா திராட்சைத் தோட்டத்திற்கு என்று அறிந்ததும் சங்கத்துப் பெரியவர் ஒருவர், "மது செய்யும் இடத்தைப் பற்றிக் குடும்பங்கள் படிக்கும் ஏட்டில் எழுதலாமோ?" என்று வினவினார். நியாயமான வினாவே. நம்முடன் ஒரே மேசையில் பணியாற்றிய நண்பர் குடியினால் நாற்பது வயது நிரம்புமுன் மறைந்தார். அவர் துணைவியார் கருணை அடிப்படையில் கிடைத்த வேலையில் அதே அலுவலகத்தில் இன்று கோப்புகளைச் சுமக்கிறார். ஆகவே மதுவுக்குப் பரிந்து பேசும் எண்ணம் நமக்கு இல்லை. ஓர் உழவுத் தொழிலைக் காணச் சென்றோம், கண்டதை எழுதுகிறோம்.

பெங்களூரிலிருந்து எலகங்கா வழியே செல்லும் வண்டியில் தொட்டபள்ளாபுரத்தில் இறங்கி, தேவனஹள்ளிச் சாலையைப் பிடித்தால் தோட்டத்தை அடையலாம். நந்தி மலையின் உச்சி 1,478 மீட்டர் உயரம். கொடிகள் நிற்பது மலையடியில், ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில். 1988-ஆம் ஆண்டளவில் கன்வல் குரோவர் என்பார், பிரான்சு நாட்டு வல்லுநர் ஜார்ஜ் வெசெல் என்பாரின் துணையுடன் பல வகைக் கொடிகளைச் சோதித்துப் பார்த்து இவ்விடத்தைத் தேர்ந்தார். சங்க காலத்தில் யவனர் கப்பலில் கொணர்ந்த தேறலைப் புறநானூறு கூறுகிறது. மதுவும் எண்ணெயும் வந்த சாடிகளின் உடைசல்கள் அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் நடத்திய அகழாய்வில் கிடைத்தன. அன்று கடல் கடந்து வந்த பொருளை இன்று நம் அண்டை மண்ணிலேயே விளைவிக்கிறார்கள்.

நாம் சென்றது சனவரித் திங்கள். குலைகள் பச்சை மாறிக் கருநீலம் ஏறத் தொடங்கியிருந்தன. வெயில் படும்படி இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், நம் பேச்சைக் கேட்டதும் கன்னடம் கலந்த தமிழில் உரையாடினார். குளிர்நாடுகளில் பனி வந்தால் கொடி இலையுதிர்த்து உறங்கும். வேனில் வந்ததும் விழித்துத் தளிர்க்கும். ஆண்டுக்கு ஒருமுறை காய்க்கும். பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையில் உள்ள இவ்வூரிலோ கொடிக்கு உறக்கமே இல்லை. விட்டுவிட்டால் மழைக்காலத்திலும் காய்த்து, காய்த்தது அழுகிப்போகும். ஆதலால் அறுவடை முடிந்ததும் ஒருமுறை ஒட்ட வெட்டிவிட்டு, மழைக்காலம் முழுவதும் தண்டை மட்டும் வளரவிடுகிறார்கள். செப்டம்பர், அக்டோபரில் மீண்டும் கணுக்களை எண்ணி வெட்டுகிறார்கள். அதன்பின் வரும் குலைதான் வறண்ட குளிர்நாட்களில் திரண்டு, பிப்ரவரி, மார்ச்சில் பழுக்கிறது. "ஐயா, இங்கே கத்தரிதான் பனிக்காலம்" என்றார் முதியவர்.

இரண்டு விளைச்சல் தரவல்ல கொடியிடம் ஒன்றை மட்டும் கேட்பது எளிதான காரியமன்று. சாலைக்கு அப்பால் பந்தலில் 'பெங்களூர் நீலம்' பயிரிட்டிருந்த சிறு உழவர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். அவர் நகைத்தார். அவருடைய பந்தல் ஆண்டுக்கு இருமுறை தருகிறது. அமெரிக்க வழிவந்த அக்கொடிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பழம் சாற்றுக்கும், 'போர்ட்' என்னும் பெயரில் விற்கும் மலிவான இனிப்பு மதுவுக்கும் போகிறது. "மழை தவறி வந்தால் எல்லோர் கொடியும் ஒன்றுதான்" என்றார் அவர். 2021 நவம்பர்ப் பெருமழையில் அவருடைய பந்தலில் ஒரு கூடைப் பழமும் தேறவில்லையாம். வாங்கிய கடனில் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது. இதைச் சொல்லும்போது அவர் நகைக்கவில்லை.

இனி ஆலைக்குள். திராட்சைச் சாறு, கரிய பழத்தினுடையதேயாயினும், பெரும்பாலும் நிறமற்றது. நிறம் தோலில் உள்ளது. தோலுடன் புளிக்கவிட்டால் செம்மது. தோலை நீக்கிச் சாற்றை மட்டும் புளிக்கவிட்டால் வெண்மது. நொதிக்கும் சாறு சூடேறும். சூடு மிகுந்தால் மணம் போய்விடும். அதனால் எஃகுத் தொட்டிகளைக் குளிர்வித்தபடியே வைத்திருக்கிறார்கள். செம்மதுவிற் சில வகைகள் பின்னர் ஓக் மரப் பீப்பாய்களில் மாதக்கணக்கில் கிடக்கின்றன.

சுவைத்துப் பார்ப்போர் விழுங்க வேண்டுவதில்லை. உமிழ்வதற்கென்றே ஒரு பாத்திரம் வைத்திருந்தார்கள். நமக்கு அது பேருதவியாயிற்று. சாவிஞான் பிளாங்க் என்னும் வெண்மது எலுமிச்சை போல் நாவைச் சுண்டியது. மலைக்காற்றின் குளிர்ந்த இரவுகளே அந்தப் புளிப்பைக் காப்பாற்றுகின்றன. வெம்மை மிகுந்தால் பழத்தில் இனிப்பு ஏறும், புளிப்புக் குன்றும். அடுத்து ஷிராஸ் கலந்த செம்மது. வழிகாட்டிய இளைஞர் 'டானின்' என்று ஆங்கிலத்தில் நெடுநேரம் விளக்கினார். உடன் வந்த நண்பரின் தாயார் அதை முகர்ந்து பார்த்ததோடு சரி, ஆனால் கொடியிலிருந்து பறித்துத் தந்த பழத்தின் தோலை மென்றுவிட்டு, "நாவற்பழத் துவர்ப்பு, தம்பி, இதற்கா இவ்வளவு பேச்சு?" என்றார். அதுவேதான். தோலும் விதையும் தரும் அத்துவர்ப்பே செம்மதுவை நெடுநாள் தாங்கவைக்கிறது. அறுசுவையில் அதற்கு ஓர் இடம் கொடுத்து வைத்திருக்கும் நமக்கு அதை அறிவது கடினமன்று. இனிப்பை மட்டுமே தேடுவோர்க்கு இம்மதுக்கள் ஏமாற்றமே தரும்.

அறுவடையைக் காண விரும்பும் அன்பர்கள் பிப்ரவரி, மார்ச்சில் செல்லலாம். பார்வை நேரத்தையும் கட்டணத்தையும் முன்னரே கேட்டறிவது நன்று. உச்சிவேளையில் நிழல் குறைவு. குழந்தைகளுக்குக் குடையும் குடிநீரும் கொண்டு செல்க. நாம் புட்டி எதுவும் வாங்கவில்லை. அச்சிறு உழவரிடம் இரண்டு கிலோ நீலத் திராட்சை வாங்கி, மாலை வண்டியில் எலகங்கா வருமுன் பாதியைத் தின்று தீர்த்தோம்.