அனுமதிப்பத்திரம் இருக்கிறது, ஓட்டத் தெரியுமா?

"வேகக் கட்டுப்பாட்டை இழந்த மோட்டார் சைக்கிள் வீதியை விட்டு விலகி மதிலில் மோதியதில் இளைஞர் பலி." பத்திரிகைத் தொழிலில் இருந்த காலமெல்லாம் இந்த வாக்கியம் என் மேசைக்கு வந்துகொண்டே இருந்தது. ஊரின் பெயரும் இறந்தவரின் வயதும் மட்டும் மாறும். பொலிஸ் அறிக்கையில் இப்படித்தான் எழுதப்படுகிறது. பத்திரிகையும் அப்படியே அச்சிடுகிறது. கட்டுப்பாட்டை இழந்தார் என்கிறோம். அந்தக் கட்டுப்பாட்டை அவருக்கு யாராவது எப்போதாவது கற்றுக்கொடுத்தார்களா என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

பொரளைச் சந்தியில் மாலை வேளையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். மருதானை வீதி, கொட்டா வீதி, வார்ட் பிளேஸ் என்று எல்லாப் பக்கமும் தனியார் பஸ்களும் முச்சக்கர வண்டிகளும் நெருக்கியடிக்கும். அவற்றுக்கிடையிலுள்ள ஒற்றை அடி இடைவெளியில் உணவுப் பெட்டியை முதுகில் சுமந்த பிள்ளைகள் நுழைந்து போகிறார்கள். கொட்டாஞ்சேனையில் வாங்கிய சாப்பாடு சூடு ஆறுமுன் வெள்ளவத்தைக்குப் போய்ச் சேரவேண்டும். சற்றுத் தொலைவில் தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவை இருக்கிறது. சந்திக்கு மறுபுறம் கனத்தை மயானம் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் போகாமல் வீடு திரும்புவதற்கான அறிவை இந்தப் பிள்ளைகளுக்கு யார் கொடுத்தார்கள்?

இலங்கையில் வீதி விபத்துகள் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் அதிகமான உயிர்களைப் பறிக்கின்றன. பதிவு செய்யப்பட்ட வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறக்கப்பட்டது. புதிய வண்டிகள் வந்திறங்குகின்றன. அவற்றை ஓட்டும் முறை எங்கிருந்தும் வந்திறங்கவில்லை. கூம்புகளைச் சுற்றி மெதுவாக, கால் ஊன்றாமல் ஓட்டிக் காட்டினால் அனுமதிப்பத்திரம் கிடைத்துவிடுகிறது. தமிழ்நாட்டில் இதையே 'எட்டுப் போடுதல்' என்பார்கள். நடைவேகத்தில் சமநிலை காப்பதற்கும், ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் முன்னால் பஸ்ஸொன்று திடீரென்று திரும்பும்போது உயிர் காப்பதற்கும் என்ன தொடர்பு?

கணக்கொன்று சொல்கிறேன். மணிக்கு 50 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு ஏறக்குறைய 14 மீற்றர். காய்ந்த தார் வீதியில் முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் முறையாகப் பிடிக்கத் தெரிந்தவர், பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 14 மீற்றரில் நின்றுவிடலாம். "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிந்துவிடும்" என்று அண்ணனோ நண்பனோ சொல்லிக் கொடுத்ததை வேதமாகக் கொண்டு பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவருக்கு அதைப்போல் இரு மடங்கு தூரம் வேண்டும். முதலாமவர் நின்றுவிட்ட இடத்தை இரண்டாமவர் கடக்கும்போது அவருடைய வேகம் இன்னும் மணிக்கு 35 கிலோமீற்றர். வேகத்தைக் குறைக்கும்போது பாரம் முன் சக்கரத்தின் மீது சாய்கிறது. ஆகவே வண்டியை நிறுத்தும் வலிமை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. இதை ஒரு காலை வேளையில் கற்பித்துவிடலாம். பழக்கமாக்குவதற்குத்தான் பல நாட்கள் வேண்டும்.

இது என் கற்பனையன்று. அமெரிக்காவில் ஹரி ஹர்ட் என்ற ஆய்வாளர் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டார். விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதமானோர் தாமாகவோ குடும்பத்தாரிடமோ நண்பரிடமோ ஓட்டப் பழகியவர்கள். பலர் பின் சக்கரத்தை இறுக்கி வழுக்கவிட்டார்கள். முன் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை. தப்புவதற்குக் கிடைத்த நேரம் இரண்டு செக்கனுக்கும் குறைவு. அந்த இரண்டு செக்கனில் சிந்திக்க முடியாது. கை பழகியதைத்தான் கை செய்யும்.

"இதெல்லாம் பந்தயக்காரர்களுக்கும் பணக்காரப் பிள்ளைகளுக்கும் உரிய விடயம்" என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். பந்தயமும் பயிற்சியும் ஒன்றல்ல. 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் காரொன்று பார்வையாளர்கள் மீது பாய்ந்து ஏழு உயிர்கள் போயின. பந்தயத் திடல் இயல்பிலேயே பாதுகாப்பான இடம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பார்வையாளரும் போட்டியும் கடிகாரமும் இல்லாத நாளில் அதே திடல் ஒரு வகுப்பறை. எதிரே லொறி வராது. குறுக்கே நாய் ஓடாது. ஒரே வளைவை இருபது தடவை ஓட்டி, பார்வையை எங்கே வைப்பது, கைபிடியை எந்தப் பக்கம் அழுத்தினால் வண்டி எந்தப் பக்கம் சாயும் என்று உணர்ந்து கற்கலாம். கீத் கோட் 1980இல் தொடங்கிய கலிபோர்னியா சுப்பர்பைக் பள்ளி, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைத் திடலிலும் இதைத்தான் கற்பித்தது. கட்டுக்குருந்த ஓடுபாதையைப் பந்தயம் இல்லாத நாட்களில் இப்படிப் பயன்படுத்தினால் என்ன கெட்டுவிடும்?

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் மறைக்கலாகாது. மோட்டார் சைக்கிள் பயிற்சி விபத்தைக் குறைக்கிறது என்று உறுதியாகக் கூறப் போதிய தரமான சான்று இல்லை என்றே 2010இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு முடிவு கூறியது. 1980களில் நோர்வேயில் வழுக்கும் பாதையில் பயிற்சி பெற்ற இளம் ஆண் கார் சாரதிகளிடையே விபத்து கூடவே செய்தது. கையில் வந்த திறமை துணிச்சலாக மாறிவிட்டது. இதிலிருந்து பயிற்சியே வேண்டாம் என்று முடிவு கட்டுவது, மோசமான ஆசிரியரைக் கண்டு பள்ளிக்கூடத்தை மூடுவதைப் போன்றது. வித்தை காட்டும் பயிற்சி ஆபத்தானது. ஆபத்தை முன்கூட்டியே கண்டுகொள்ளும் கண்ணையும், தன் எல்லையை அறியும் அடக்கத்தையும் முதலில் கற்பித்து, கைத்திறனை அதன் பின்னர் கொடுப்பதே மேம்பட்ட பயிற்சி. பிரித்தானியாவில் 1956இல் தொடங்கிய மேம்பட்ட வாகன ஓட்டுநர் நிறுவனம் இந்த வழியில்தான் நடந்தது.

நம் அதிகாரிகளுக்கு இதைவிடத் தடை விதிப்பது எளிது. 2015இல் குற்றவாளிகள் முகத்தை மறைக்கிறார்கள் என்று சொல்லி முழுமுகத் தலைக்கவசத்தையே தடை செய்யப் பொலிஸ் முனைந்தது; மேன்முறையீட்டு நீதிமன்றம் குறுக்கிட வேண்டியதாயிற்று. தாடையைக் காக்கும் கவசத்தைக் கழற்றச் சொல்ல வந்த வேகத்தில் கால்வாசியாவது, பிரேக் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதில் இருந்திருக்கக்கூடாதா?

கேட்பவை மூன்றுதான். முதலாவது, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் பரீட்சையில் அவசரமாக நிறுத்துவதையும் தடையைத் தவிர்ப்பதையும் சேர்க்கவேண்டும். பிரித்தானியாவில் 2009 முதல் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் இவ்விரண்டையும் செய்து காட்டியே ஆகவேண்டும். இரண்டாவது, பிள்ளைகளின் முதுகில் பெட்டியை ஏற்றிப் பணம் சம்பாதிக்கும் நிறுவனங்கள் அவர்களுக்கான பயிற்சிச் செலவை ஏற்கவேண்டும். பயிற்சி நாளுக்குக் கூலியும் தரவேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு மாகாணத்திலும் ஒரு திறந்த திடலாவது இதற்கென ஒதுக்கப்படவேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் கற்பிக்கப்படவேண்டும்.

செலவு அதிகம் என்பார்கள். உடைந்த தொடை எலும்பொன்றுக்கு அரசாங்க வைத்தியசாலை செய்யும் செலவையும், அந்த மாதங்களில் அடுப்பெரியாத வீட்டின் கணக்கையும் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு அதைச் சொல்லட்டும்.