“உள் வேலைக்கு எதுக்கும்மா பர்மிஷன்?”

நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள். வீட்டில் சமையலறை வேலை ஆரம்பிக்கப் போகிறவர்கள் நேரம் இல்லாவிட்டாலும் படியுங்கள்.

எங்கள் சமையலறையை இடித்துப் புதிதாகச் செய்ய வேண்டும் என்று பையனுக்கு இரண்டு வருட ஆசை. அவன் வெளிநாட்டில் இருக்கிறான். சமைப்பது நான், ஆசை அவனுக்கு. கடப்பா கல் மேடை, கதவில்லாத சிமெண்ட் அலமாரி, பிசுக்கு ஏறிய எக்ஸாஸ்ட் ஃபேன். வீடியோ காலில் பார்க்கும்போதெல்லாம் “இன்னும் இதுலயே கிடந்து அல்லாடறியேம்மா” என்பான். பிள்ளையின் அக்கறை, அதைக் குறை சொல்லவில்லை. அவனே விசாரித்து மாடுலர் கிச்சன் செய்கிற ஒருவரை அனுப்பிவைத்தான்.

வந்தவர் மரியாதையான பிள்ளை. டேப்லெட்டில் படம் காட்டினார். என் சமையலறைதானா என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் சுவர் இல்லை, ‘ஓப்பன் கிச்சன்’. கிழக்கு ஜன்னல் இருந்த இடத்தில் கூரை வரைக்கும் ஓர் அலமாரி. பக்கத்துச் சந்தில் ஷீட் போட்டு, பாத்திரம் கழுவவும் வாஷிங் மெஷினுக்கும் ஓர் இடம். ஷட்டருக்கு மட்டும் 24 நிறங்கள் காட்டினார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: “தம்பி, இதுக்கெல்லாம் பர்மிஷன் வேண்டாமா?”

சிரித்தார். “உள் வேலைக்கு எதுக்கும்மா பர்மிஷன்? யார் வந்து பார்க்கப் போறா?”

இந்தப் பதிவே அந்தச் சிரிப்புக்காகத்தான். அவர் ஒருவர் சிரித்த சிரிப்பு இல்லை அது. என் தெருவில், உறவில், கூட வேலை பார்த்த ஆசிரியர்கள் வீட்டில் எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். அலமாரி மாற்றுவதும், டைல்ஸ் ஒட்டுவதும், மேடைக்கல் மாற்றுவதும் உள் வேலைதான். யாரும் அதற்கு வரைபடம் எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. ஆனால் சுவரை எடுப்பதும், சந்தை மூடுவதும் எப்படி உள் வேலை ஆகும்?

முதலில் சுவர். எங்கள் வீடு திருச்சியில் 1986-ல் கட்டியது. பில்லர் கிடையாது. 9 அங்குலச் செங்கல் சுவர்கள்தான் எல்லாவற்றையும் தாங்குகின்றன. 1999-ல் மேலே ஒரு மாடி எடுத்தோம். இப்போது அதில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது, இரண்டு சின்னப் பிள்ளைகள்.

32 வருடம் இயற்பியல் நடத்தியவள் நான். அன்று ராத்திரி ஒரு பழைய டைரியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். அந்தச் சுவர் 10 அடி நீளம். ஒரு பக்கம் 12 அடி அகல ஹால், மறுபக்கம் 8 அடி அகலச் சமையலறை. இரண்டு பக்கத்து கான்கிரீட் தளத்திலும் பாதிப் பாதி இந்தச் சுவர்மேல் உட்காருகிறது என்று வையுங்கள். சுமார் 100 சதுர அடி. 5 அங்குலத் தளம் என்றால் அதன் எடையே 3 டன்னுக்குப் பக்கம். அதன்மேல் மாடியில் இதே கோட்டில் போகிற சுவர், அது 4 டன். அதற்கும் மேலே மொட்டை மாடித் தளம், இன்னொரு 3 டன். ஆக 10 டன். தட்டோடு, டைல்ஸ், பீரோ, கட்டில், மனிதர்கள் எதையும் நான் சேர்க்கவில்லை. தோராயக் கணக்குதான், பொறியாளர் போட்டால் கொஞ்சம் கூடும் குறையும். ஆனால் கிட்டத்தட்ட ஒரு காலி டவுன் பஸ்ஸின் எடை.

மறுநாள் அவரிடம் இதைச் சொன்னேன். “ஒரு இரும்பு பீம் போட்டு நிறுத்திடலாம்மா, எத்தனை வீட்ல பண்ணியிருக்கோம்” என்றார். என்ன அளவு பீம்? யார் கணக்குப் போட்டது? பதில் இல்லை. பீம் போட்டால் எடை மாயமாகிவிடாது. 10 அடி நீளத்துக்குப் பரவி இறங்கிக்கொண்டிருந்த 10 டன், இனி பீமின் இரண்டு முனைகளில் ஆளுக்கு 5 டன்னாக, உள்ளங்கை அகல இடத்தில் இறங்கும். அங்கே இருப்பது நாற்பது வருடத்துச் செங்கல். அதைத் தாங்க முனைக்குக் கீழே கான்கிரீட் கட்டை வேண்டும், இடிக்கும்போது தளத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், அடித்தளம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். முறையாகச் செய்தால் சுவரை எடுக்கலாம், எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கணக்கே போடாமல், ‘எத்தனையோ வீட்ல பண்ணியிருக்கோம்’ என்ற தைரியத்தில் எடுப்பதைத்தான் சொல்கிறேன்.

எங்கள் உறவில் ஒரு வீட்டில் அப்படி எடுத்தார்கள். ஆறு மாதத்தில் மாடி ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரைக்கும் சாய்வாக ஒரு விரிசல். புட்டி வைத்துப் பெயிண்ட் அடித்தார்கள், மறுபடி வந்தது. இப்போது ஹால் நடுவில் இரும்புத் தூண் ஒன்று நிற்கிறது. அதில் பிளாஸ்டிக் கொடி சுற்றிவிட்டிருக்கிறார்கள், அழகுக்காம்.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. அதே வீட்டில் வேலைக்கு முன்னால் வாஸ்து பார்க்க ஒருவரை வரவழைத்து, அவர் கேட்ட பணத்தைத் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தார்கள். அடுப்பு அக்னி மூலையில் இருக்கிறதா, கிழக்கே பார்த்து நின்று சமைக்கிறோமா, எல்லாம் பார்த்தாயிற்று. நம்பிக்கை அவரவர் விருப்பம். ஆனால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள் என்றதற்கு “அது வெட்டிச் செலவு டீச்சர்” என்றார்கள். அடுப்பு எந்த மூலை என்று கேட்கக் காசு இருக்கிறது, சுவர் எதைத் தாங்குகிறது என்று கேட்கக் காசு இல்லை!

அடுத்தது ஜன்னல். ‘சிம்னி வந்துட்டா ஜன்னல் எதுக்கு’ என்கிறார்கள். காற்று உள்ளே வர வழியில்லாத அறையிலிருந்து சிம்னி எதை இழுத்து வெளியே தள்ளும்? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். அதிலும் குழாய் வெளியே போகாத, கரி வடிகட்டி மட்டும் வைத்த சிம்னி, அறைக் காற்றையே சுற்றிச் சுற்றி அறைக்குள் விடுகிறது. மிளகாய் வற்றல் தாளிக்கிற வீட்டில் அதைப் போய் மாட்டுகிறார்கள்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிடுகிற நேஷனல் பில்டிங் கோட் என்று ஒன்று இருக்கிறது. 1970-ல் முதலில் வந்தது, 2016-ல் திருத்திய பதிப்பு. அதில் சமையலறைக்குத் தனியாக எழுதியிருக்கிறார்கள். தனியாகச் சாப்பிடும் இடம் இருந்தால் சமையலறை குறைந்தது 5 சதுர மீட்டர், அகலம் 1.8 மீட்டர். அங்கேயே சாப்பிடுவதென்றால் 7.5 சதுர மீட்டர், அகலம் 2.1 மீட்டர். உயரம் 2.75 மீட்டர். (என்னுடையது 80 சதுர அடி. உள்ளேயே மேசை போட மயிரிழையில் தவறுகிறது!) தரை நீர் உறிஞ்சக் கூடாது, கழுவுகிற தண்ணீர் டிராப் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். ஜன்னல் திறப்பு, வறண்ட வெப்பப் பகுதியில் தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு. சமையலறைக்கு மட்டும் அதோடு இன்னொரு கால் பங்கு கூட்ட வேண்டும். அந்தப் பகுதிக் கணக்கை வைத்துப் பார்த்தால் எனக்கு 10 சதுர அடி வருகிறது. என் கிழக்கு ஜன்னல் 4-க்கு 3 அடி, 12 சதுர அடி. 1986-ல் அதை வைத்த மேஸ்திரி எந்தப் புத்தகமும் படித்தவர் இல்லை. அதைத்தான் இந்த டேப்லெட் மூட வந்தது.

சமையலறைக்கு மட்டும் ஏன் கால் பங்கு கூடுதல்? அங்கே ஒருத்தி நிற்கிறாள் என்று அந்த விதியை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. சித்திரை வெயிலில், இரண்டு பர்னர் எரிய, காலையில் ஒன்றரை மணி நேரம். 3D படம் வரைந்தவருக்கு அது தெரியவில்லை. அவர் படத்தில் மேடைமேல் ஒரு பாத்திரம்கூட இல்லை, ஒரு கிண்ணத்தில் பச்சை ஆப்பிள் இருந்தது.

கேஸ் விஷயம் இதைவிடப் பயம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். சிலிண்டரை அலமாரிக்குள் வைத்தால் அந்த அலமாரிக்குக் கீழேயும் மேலேயும் காற்றோட்டத் திறப்பு வேண்டும். அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ரப்பர் குழாய் கண்ணில் படும்படி இருக்க வேண்டும், ரெகுலேட்டரைக் கை நீட்டி உடனே மூட முடிய வேண்டும். எனக்குக் காட்டிய படத்தில் சிலிண்டர், நாலு பக்கமும் அடைத்த பெட்டிக்குள், இரண்டு டிராயருக்குப் பின்னால். கேட்டால் ‘நீட்டா இருக்கும்மா’. நாற்றம் வந்தால் வைக்கப் போகிற ஜன்னலையும் அடைத்தாயிற்று. (கசிவு என்றால் 1906-க்குப் போன் செய்யுங்கள். சுவிட்சைத் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். போனையும் வெளியே வந்து எடுங்கள்.)

கரண்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றே 2000 வாட், ஏறக்குறைய 9 ஆம்பியர். பழைய வயரில் மூன்று பிளக்கைச் சேர்த்து மாட்டாதீர்கள், 30 மில்லி ஆம்பியரில் விழுகிற ஆர்சிசிபி வையுங்கள்.

இனி பர்மிஷன். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ல் வந்தன. வீட்டைச் சுற்றி இவ்வளவு இடம் விட வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்த இடத்தில் ஷீட் போட்டு நாலு பக்கம் மறைத்தால், பேர் யுட்டிலிட்டி என்றாலும் அது கட்டடம்தான். பக்கத்து வீட்டுக்காரரின் வெளிச்சமும் காற்றும் அந்தச் சந்து வழியாகத்தான் போகிறது. தீப்பிடித்தால் குழாயை இழுத்துக்கொண்டு ஆள் ஓடுவதும் அதே சந்தில்தான்.

கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போனேன். உட்கார்ந்திருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “யாராவது கம்ப்ளெய்ண்ட் கொடுத்திருக்காங்களா?” என்றார். இல்லை என்றேன். “அப்புறம் ஏம்மா நீங்களா வந்து மாட்டிக்கிறீங்க?” அரசாங்கத்திடம் எனக்கு இருக்கிற கேள்வி இதுதான். 2024 ஜூலையில், 2500 சதுர அடி வரை மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்டச் சுயசான்று போதும், ஆன்லைனில் உடனே அனுமதி என்று கொண்டுவந்தீர்கள். நல்ல காரியம். பழைய வீட்டில் சுவர் எடுக்க நினைக்கிறவருக்கு, எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம், யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம், சாதாரணத் தமிழில் எழுதி அந்த அலுவலகச் சுவரில் ஒட்ட முடியாதா?

‘விதியெல்லாம் லஞ்சம் வாங்கத்தான் டீச்சர்’ என்று சொல்லப் போகிறவர்களுக்கு: லஞ்சம் இருக்கிறது, நானும் இதே ஊரில்தான் வாழ்கிறேன். ஆனால் லஞ்சம் வாங்குகிறவன்மேல் உள்ள கோபத்தை ஜன்னல்மேல் காட்டாதீர்கள். கையெழுத்துக்குக் காசு கேட்டவனும், 10 டன்னைத் தாங்குகிற சுவரும் ஒன்றில்லை.

கடைசியில் என்னிடம் பிளஸ் டூ படித்த பெண் ஒருத்தி வந்து பார்த்தாள். இன்று கட்டமைப்புப் பொறியாளர். சுவரைத் தட்டிப் பார்த்து, மாடிக்கு ஏறிப் பார்த்து, “மிஸ், முழுச் சுவரையும் தொட வேண்டாம். நடுவுல 3 அடி அகலத்துக்குத் திறப்பு வச்சு லிண்டல் போட்டுக்கலாம், ஹாலுக்குத் தட்டு நீட்ட அது போதும்” என்றாள். கணக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பணம் வாங்க மாட்டேன் என்றாள், வற்புறுத்திக் கொடுத்தேன். ஜன்னல் அப்படியே இருக்கும். சந்தில் ஷீட் கிடையாது, வாஷிங் மெஷின் பின்கட்டிலேயே இருக்கட்டும். பையன் ஒரு வாரம் சுருக்கமாகத்தான் பேசினான். டைரிக் கணக்கைப் படம் எடுத்து அனுப்பினேன். “மாடியில இருக்கிறவங்ககிட்ட சொல்லிடாதம்மா, பயந்துடுவாங்க” என்று மட்டும் பதில் வந்தது.

தை பிறந்ததும் வேலை. வேறு ஆள் வருகிறார். அவர் வந்தவுடன் கேட்ட முதல் கேள்வி, “வீட்டோட பழைய பிளான் இருக்காம்மா?” பீரோவில் பத்திரத்தோடு நாலாக மடித்து இருந்தது. மடிப்பு விட்டுக் கிழிந்திருந்ததைப் பின்பக்கம் டேப் ஒட்டி, இரண்டு நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.