இரவில் காமிரா யாரோடு பேசுகிறது?

வீட்டில் எல்லோரும் உறங்கிவிட்டார்கள். தொலைக்காட்சி ஓய்ந்துவிட்டது. கைபேசிகள் அணைக்கப்பட்டுவிட்டன. ஆனால் மூலையில் இருக்கும் ரௌட்டரின் விளக்கு மட்டும் விட்டுவிட்டு மினுக்கிக்கொண்டே இருக்கிறது. வீட்டிலுள்ள ஏதோ ஒரு கருவி இந்த நேரத்திலும் பேசிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். எது பேசுகிறது? யாரோடு? எவ்வளவு?

மாணவ நண்பர்களே! உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் ஒருவர் இந்த மூன்று கேள்விகளுக்கும் பெருமளவு தாமே விடை காணலாம் என்பது என் கருத்து. விடை காண முடியாதபடி செய்யப்பட்ட கருவியைக் காசு கொடுத்து வீட்டுக்குள் விடக்கூடாது என்பதும் என் கருத்து.

பழனி மலைத்தொடரின் கீழ்மலைப் பகுதியிலுள்ள தாண்டிக்குடியை எடுத்துக்கொள்வோம். காப்பியும் மிளகும் மலை வாழையும் விளையும் ஊர். அங்கே ஒருவர், தம் தோட்டத்துக்குள் காட்டுமாடு இறங்குகிறதா என்று பார்க்க ஒரு காமிராவை வாங்கிக் கம்பத்தில் பொருத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். இணையம் வருவது சிம் அட்டை போட்ட ரௌட்டர் வழியாக. நாளொன்றுக்கு 2 ஜி.பி. என்று கணக்கு. மாலையில் அவர் மகள் பாடக் காணொளி பார்க்க உட்கார்ந்தால் படம் நகரவில்லை. அன்றைய அளவு தீர்ந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. யார் தின்றது?

காமிராவின் மேல்தான் முதலில் சந்தேகம் வரும். ஆனால் சந்தேகம் வேறு, கணக்கு வேறு. கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

காமிரா நொடிக்கு 1 மெகாபிட் வீதம் ஓயாமல் படம் அனுப்புகிறது என்று கொள்வோம். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 2 ஜி.பி. என்பது 16,000 மெகாபிட். 16,000 நொடியில், அதாவது நாலரை மணி நேரத்துக்குள், அந்த வீட்டின் ஒரு நாள் பங்கு காலி! மாறாக, காமிரா "நான் இருக்கிறேன்" என்று மட்டும் 30 நொடிக்கு ஒருமுறை 100 பைட் அளவில் சொல்லிக்கொண்டிருந்தால்? ஒரு நாளில் 2,880 முறை. மொத்தம் 2,88,000 பைட். ஒரு எம்.பி.யில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டுமே இரவில் விளக்கை மினுக்க வைப்பவைதான். ஆனால் முதலாவது இரண்டாவதைப்போல் 37,500 மடங்கு.

ஆகவே, விளக்கு மினுக்குவதைப் பார்த்ததுமே "உளவு பார்க்கிறது" என்று பதறுவது சரியல்ல. "இந்தக் கருவிகள் எல்லாம் அப்படித்தான்" என்று விட்டுவிடுவதும் சரியல்ல. பதறுகிறவரும் அளப்பதில்லை, விட்டுவிடுகிறவரும் அளப்பதில்லை.

காமிரா எதற்காக இப்படி இடைவிடாமல் குரல் கொடுக்க வேண்டும்? வெளியிலிருந்து வருகிற எதையும் ரௌட்டர் சாதாரணமாக உள்ளே விடாது. உள்ளேயிருந்து ஒரு கருவி பேச்சைத் தொடங்கினால், அந்த வழியில்தான் பதில் உள்ளே வரலாம். சற்று நேரம் பேச்சில்லை என்றால் ரௌட்டர் அந்த வழியை மூடிவிடும். வழி மூடிவிட்டால் வத்தலக்குண்டுக்குப் போயிருக்கும் தோட்டக்காரர் தம் கைபேசியில் காமிராவைப் பார்க்க முடியாது. அதனால்தான் காமிரா அவ்வப்போது குரல் கொடுத்து வழியைத் திறந்தே வைத்திருக்கிறது. சரியான நேரம் என்ன என்று கேட்பது, புதிய மென்பொருள் வந்திருக்கிறதா என்று விசாரிப்பது ஆகியவையும் இப்படிப்பட்ட நியாயமான பேச்சுகளே.

நியாயமற்ற பேச்சை எப்படி இனம் காண்பது? இன்று பெரும்பாலான கருவிகள் செய்தியைப் பூட்டி அனுப்புகின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று நம்மால் படிக்க முடியாது. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அரபிக்கா காப்பிச் செடியின் தண்டுக்குள் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டின் புழு குடைந்துகொண்டிருக்கும். அனுபவமுள்ள தோட்டக்காரர் ஒவ்வொரு தண்டையும் பிளந்து பார்ப்பதில்லை. பட்டையின் மேல் வரப்புப்போல் எழும்பும் புடைப்பைக் கொண்டே உள்ளே புழு இருப்பதை அறிந்துவிடுவார். பூட்டிய செய்திக்கும் இப்படி வெளி அடையாளங்கள் உண்டு: எந்த முகவரிக்குப் போகிறது, எத்தனை மணிக்கு, எவ்வளவு. 2017-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், உறக்கத்தைக் கவனிக்கும் ஒரு கருவியின் பூட்டிய செய்திகள் கூடிக் குறைவதை மட்டும் வைத்தே, அதன் உரிமையாளர் எப்போது படுத்தார், எப்போது எழுந்தார் என்று சொல்ல முடியும் எனக் காட்டினார்கள். பிறர் நம்மை அறியப் பயன்படும் அதே அடையாளங்களை, நாம் நம் கருவியை அறியப் பயன்படுத்தினால் என்ன?

வேலை இப்படித் தொடங்கும். பெரியவர்களின் சம்மதத்தோடு, உங்கள் வீட்டு ரௌட்டரில் மட்டும் செய்யுங்கள்; அடுத்த வீட்டு இணைப்பைத் தொடுவது குற்றம். ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் அதன் அமைப்புப் பக்கத்தின் முகவரி இருக்கும். அந்தப் பக்கத்தைத் திறந்தால் இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் தெரியும். ஒவ்வொன்றுக்கும் எதிரே 12 இலக்கம் கொண்ட ஓர் எண் இருக்கும். அது பதினாறை அடிமானமாகக் கொண்ட எண். அதன் முதல் 6 இலக்கங்கள் தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும். இன்றைய கைபேசிகள் இந்த எண்ணை மாற்றி மாற்றிச் சொல்வதுண்டு. காமிராக்கள் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. பிறகு இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும், அனுப்பிய அளவையும் பெற்ற அளவையும் நோட்டில் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். பெற்றது மட்டும் ஒரு நாள் திடீரென்று கூடினால் அநேகமாகப் புதிய மென்பொருள் வந்திருக்கும். தோட்டத்தில் ஒன்றும் அசையாத இரவிலும் அனுப்பியது நூற்றுக்கணக்கான எம்.பி. என்றால் விசாரிக்கத்தான் வேண்டும். ஓர் இரவு காமிராவை நிறுத்துங்கள், மறு இரவு தொலைக்காட்சியை. எதை நிறுத்தியபோது அளவு விழுகிறதோ அதுதான் ஆள்.

ஒரே இரவில் முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு வாரமாவது வேண்டும். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நேற்றைய சூரியனின் பதிவு இருந்தால்தானே இன்றைய புள்ளி புதியதா என்று சொல்ல முடியும்?

கெட்ட எண்ணம் சிறிதும் இல்லாத கருவிகூடப் பெருந்தொல்லை தரலாம். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 2003 மே மாதம் அமெரிக்காவின் விஸ்கான்சின்-மாடிசன் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அங்கே, கேட்பவர்களுக்குச் சரியான நேரத்தைச் சொல்லும் கணினி ஒன்று இருந்தது. அதை நோக்கித் திடீரென்று கேள்விகள் வெள்ளமாக வரத் தொடங்கின. எல்லாம் "மணி என்ன?" என்ற ஒரே கேள்விதான்! பல்கலைக்கழகத்தின் பொறியாளர் டேவ் பிளாங்கா உற்று நோக்கியபோது ஒரு துப்புக் கிடைத்தது. உலகின் பல மூலைகளிலிருந்து வந்தபோதிலும், அந்தக் கேள்விகளில் அனுப்பும் போர்ட் எண் 23457 என்று ஒன்றாகவே இருந்தது. தற்செயலாக இப்படி அமையாது. ஒரே நிரல்தான் எல்லாவற்றுக்கும் மூலம் என்பது தெளிவாயிற்று. தேடிப் போனால், நெட்கியர் நிறுவனம் விற்ற வீட்டு ரௌட்டர்கள்! அந்தக் கணினியின் முகவரியை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். விடை வராவிட்டால் நொடிக்கு ஒருமுறை திரும்பக் கேட்கும்படியும் எழுதியிருந்தார்கள். ஏழு லட்சத்துக்கும் அதிகமான ரௌட்டர்கள் அவ்வாறு விற்பனையாகியிருந்தன. ஒரு கட்டத்தில் நொடிக்கு 2,50,000 கேள்விகள் வந்தன. அவற்றை வீட்டில் வைத்திருந்த ஒருவருக்கும் இது தெரியாது.

இதில் நமக்கு ஒரு செய்தி உண்டு. கேள்வியைத் தடுத்தால் கேள்வி நின்றுவிடாது. விடை கிடைக்காத கருவி இன்னும் வேகமாகக் கேட்கலாம். காமிராவின் ஒரு முகவரியை ரௌட்டரில் தடை செய்தபின் விளக்கு முன்னைவிட வேகமாக மினுக்கினால் காரணம் இதுவாக இருக்கக்கூடும்.

கெட்ட எண்ணத்தோடு நடப்பதும் உண்டு. 2016-ல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத காமிராக்களுக்குள் புகுந்தது. அது கையில் வைத்திருந்தது சுமார் 60 கடவுச்சொற்களே! அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அப்படிப் பிடிபட்ட கருவிகளைக் கொண்டு நடத்திய தாக்குதலால் பெரிய இணையதளங்கள் பல, மணிக்கணக்கில் எட்டாமற் போயின. நம் நாட்டிலும் 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் மோடெம்கள் ஆயிரக்கணக்கில் இதே பலவீனத்தால் செயலிழந்தன. மிராய் போன்றவை கருவியின் தற்காலிக நினைவகத்தில் மட்டும் தங்கும். நிறுத்திப் போட்டால் அழிந்துவிடும். ஆனால் கடவுச்சொல்லை மாற்றாவிட்டால் சில நிமிடங்களில் மறுபடியும் வந்து சேரும்.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து விற்பதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. சிங்கப்பூர் 2020 முதல் இத்தகைய கருவிகளுக்கு நான்கு தரநிலைகளில் முத்திரை வழங்குகிறது. இந்தியாவிலும் கண்காணிப்புக் காமிராக்களுக்கு 2025 ஏப்ரல் முதல் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். நல்லதுதான். ஆனால் பூட்டு உறுதியானதா என்பதையே இவை முக்கியமாகப் பார்க்கின்றன. சும்மா இருக்கும்போது இந்தக் காமிரா யாரோடு பேசும், நாளைக்கு எத்தனை எம்.பி. செலவழிக்கும்? குளிர்பதனப் பெட்டியில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் என்று ஒட்டியிருக்கிறதே, அதைப்போல் இதையும் பெட்டியின்மேல் அச்சிட வேண்டும் என்கிறேன்.

"முகவரிகள் அடிக்கடி மாறும், எப்படி அச்சிடுவது?" என்று தயாரிப்பாளர்கள் கேட்கலாம். இந்தச் சாக்கு செல்லாது. தான் பேச வேண்டியவர்களின் பட்டியல் எங்கே இருக்கிறது என்பதைக் கருவியே ரௌட்டருக்கு அறிவித்து, மற்ற எல்லாவற்றையும் தடுக்கச் சொல்லும் முறை ஒன்று 2019 மார்ச்சில் இணையத் தரநிலையாக வெளியிடப்பட்டுவிட்டது. அதன் எண் 8520. இனி வேண்டியது விற்பவர்களின் மனமும், வாங்குகிறவர்களின் வற்புறுத்தலுமே.

அதுவரை தாண்டிக்குடித் தோட்டக்காரர் என்ன செய்வது? கடவுச்சொல்லை மாற்றலாம். காமிராவை விருந்தினர் இணைப்பில் தனியே வைத்து, வீட்டுக் கணினியிலிருந்து பிரித்துவிடலாம். எந்நேரமும் படம் அனுப்பாமல் ஏதேனும் அசைந்தால் மட்டும் அனுப்பும்படி அமைக்கலாம். அதற்கும் முன்னே, காட்டுமாட்டைக் காண இணையம் தேவைதானா என்று கேட்கலாம். மெமரி கார்டில் பதிந்து, வீட்டு வலையமைப்புக்குள் மட்டும் படம் காட்டும் காமிராக்களும் கடையில் கிடைக்கின்றன. வெளியூரிலிருந்து அதைப் பார்க்க முடியாது. வீட்டிலிருந்தே தோட்டத்தைப் பார்ப்பவருக்கு அது போதும். மகளின் பாடத்துக்கு 2 ஜி.பி.யும் மிஞ்சும்.