நாவும் நடுநிலையும்

பணியின் பொருட்டுப் பெங்களூருவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை காலையில் அருகிலுள்ள சிற்றுணவகத்திற்குச் செல்வதாகக் கொள்க. இட்லியும் வடையும் மேசைக்கு வருகின்றன. கிண்ணத்தில் ஆவி பறக்கும் சாம்பார். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மகள் முதல் வாயை உண்டதும் முகம் சுளிக்கிறாள். சாம்பார் இனிக்கிறது. உடனே கைப்பேசியை எடுக்கிறாள். அவ்வுணவகத்திற்கு ஒரே ஒரு நட்சத்திரம் இடுகிறாள். "படுமோசம். சாம்பாரில் சர்க்கரையைக் கொட்டியிருக்கிறார்கள். இங்கே யாரும் வராதீர்கள்" என்று எழுதி, இணையத்தில் பதிவிடுகிறாள். அதற்குள் இட்லி ஆறிவிடுகிறது.

அம்மாணவி பொய் கூறவில்லை. சாம்பார் இனித்தது உண்மை. அச்சுவை அவளுக்குப் பிடிக்காததும் உண்மை. ஆயினும், அவள் எழுதியது நேர்மையான கருத்துதானா என்னும் வினா எழுகிறது. கருநாடகத்தின் பல பகுதிகளில், குறிப்பாக உடுப்பி முறைச் சமையலில், சாம்பாரில் சிறிதளவு வெல்லம் சேர்ப்பது வழக்கம். புளிப்பும் காரமும் இனிப்பும் ஒன்றையொன்று தழுவி நிற்பதே அச்சமையலின் இயல்பு. சமையற்காரர் தவறு ஏதும் செய்யவில்லை. தம் ஊர் வழக்கப்படியே சமைத்திருக்கிறார். வேறுபாட்டைக் குற்றமாகக் கருதி எழுதியதுதான் இங்கு நேர்ந்த பிழை.

பழகிய சுவையை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் புதியது எதுவும் தேறாது. பெங்களூருவில் 1924ஆம் ஆண்டில் தோன்றிய உணவகம் மாவள்ளி டிபன் ரூம், எம்.டி.ஆர். என்பது மக்கள் வழங்கும் பெயர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, ரவையைக் கொண்டு இட்லி செய்து பார்த்ததில் பிறந்ததே ரவா இட்லி என்று அவ்வுணவகத்தார் கூறுவர். அன்று அதை முதன்முதலாக உண்டவர், "இதில் அரிசியே இல்லை, இது இட்லியே அன்று" என்று ஒற்றை வரியில் ஒதுக்கியிருக்கலாம். அவ்வாறு ஒதுக்காமல் சுவைத்துப் பார்த்தவர்களால்தான் இன்று பல ஊர்களில் ரவா இட்லி கிடைக்கிறது.

உண்டு வந்த ஒருவர், உண்ணச் செல்லும் மற்றொருவர்க்கு வழி சொல்வது தமிழர்க்குப் புதிதன்று. பரிசில் பெற்று மீளும் கலைஞர், வறுமையோடு எதிர்வரும் கலைஞரைக் கண்டு, தாம் பெற்ற பேற்றை எடுத்துரைத்து, "இவரிடம், இவ்வழியே செல்க" என ஆற்றுப்படுத்துவதே ஆற்றுப்படை இலக்கியம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையை நல்லூர் நத்தத்தனார் பாடினார். ஓய்மானாட்டு நல்லியக்கோடனைக் காணச் செல்லும் வழியில் எந்த ஊரில் எந்த உணவு கிடைக்கும் என்பதையும் அந்நூல் கூறுகிறது. கடற்கரையிலுள்ள எயிற்பட்டினத்தில் சுட்ட மீன் கிடைக்கும். வேலூரில் புளிச்சுவை சேர்ந்த சோறும் ஆமான் இறைச்சியும் கிடைக்கும். வயல் சூழ்ந்த ஆமூரில் வெண்சோறும் நண்டும் கிடைக்கும்.

ஆற்றுப்படை புகழ்ந்து பாடும் இலக்கியம். குறை கூறுவது அதன் நோக்கமன்று. எனினும், கருத்துரைப்போர் அதனிடமிருந்து கற்க வேண்டிய பண்பு ஒன்று உண்டு. எயிற்பட்டினத்து மீனை ஆமூர்ச் சோற்றோடு ஒப்பிட்டு, ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்று அது கூறவில்லை. அந்தந்த நிலத்தின் உணவை அந்தந்த நிலத்தின் உணவாகவே அறிமுகம் செய்கிறது. கேட்பவன் பசியோடு நடப்பவன், அவனுக்கு இச்செய்தி பயன்பட வேண்டும் என்னும் அக்கறையும் அதில் உண்டு.

பாணன் சொன்ன சொல் எதிரில் நின்ற பாணனின் செவியை மட்டுமே எட்டியது. இன்று எழுதும் சொல் எங்கும் பரவுகிறது. 2008ஆம் ஆண்டில் தில்லியில் உணவகங்களின் உணவுப் பட்டியல்களை இணையத்தில் ஏற்றும் முயற்சியாகத் தொடங்கிய நிறுவனமே பின்னர் சொமேட்டோ எனப் பெயர் பெற்றது. 2014ஆம் ஆண்டில் பெங்களூருவிலேயே ஸ்விகி தோன்றியது. பசித்தவர் இப்போது தெருவைப் பார்ப்பதற்கு முன் கைப்பேசியைப் பார்க்கிறார். அங்கே முதலில் தென்படுவது முன்பின் அறியாத பிறர் இட்ட நட்சத்திரங்களே.

அந்நட்சத்திரங்களின் எடை சிறிதன்று. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் லூகா என்னும் ஆய்வாளர், சியாட்டில் நகர உணவகங்களைப் பற்றி 2011ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். யெல்ப் என்னும் இணையதளத்தில் ஓர் உணவகத்தின் மதிப்பீடு ஒரு நட்சத்திரம் உயர்ந்தால், அதன் வருவாய் 5 முதல் 9 விழுக்காடு வரை உயர்வதை அவர் கண்டறிந்தார். அவ்வாய்வு மற்றொன்றையும் காட்டியது. பல ஊர்களில் ஒரே பெயரில் இயங்கும் பெரிய உணவகங்களிடம் இவ்விளைவு காணப்படவில்லை. தனித்து இயங்கும் உணவகங்களிடமே காணப்பட்டது. பெரிய உணவகத்தை மக்கள் அதன் பெயரால் அறிவர். தெருமுனைச் சிற்றுணவகத்தை அறிய அவர்களுக்கு நட்சத்திரம் தேவைப்படுகிறது.

ஆகவே, மாணவி விரல் நுனியால் இட்ட ஒற்றை நட்சத்திரம் மாவு அரைப்பவரையும், தோசை வார்ப்பவரையும், மேசை துடைப்பவரையும் சென்று தாக்கக்கூடும். இத்தகைய உணவகங்களில் உழைப்போருள் பலர் வேறு மாவட்டங்களிலிருந்தும் வேறு மாநிலங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். அவ்வகையில், அம்மாணவியின் பெற்றோரைப் போன்றவர்கள்.

"அவ்வாறாயின், குறையே கூறக் கூடாதா? பிறர் பிழைப்புக் கெடும் என்று அஞ்சி எல்லாவற்றையும் புகழ வேண்டுமா?" எனச் சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. பொய்ப் புகழும் நேர்மைக்கேடே. 2017ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த ஊபா பட்லர் என்னும் எழுத்தாளர், தம் வீட்டுத் தோட்டத்திலிருந்த கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசர் இணையதளத்தில் பதிவு செய்தார். அங்கே அடுப்பும் எரியவில்லை, உணவும் பரிமாறப்படவில்லை. சவர நுரை முதலியவற்றை உணவுபோல் அமைத்துப் படம் எடுத்தார். நண்பர்களைக் கொண்டு பொய்யான பாராட்டுகளை எழுதச் செய்தார். சில மாதங்களில் அந்தக் கொட்டகை, இலண்டன் உணவகங்களின் தரவரிசையில் முதலிடத்தைப் பிடித்தது. இடம் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தோர் பலர். பின்னர் உண்மையை அவரே வெளியிட்டார். இல்லாத உணவகத்தைப் பொய்ப் புகழ் முதலிடத்தில் அமர்த்துமானால், உள்ளபடியே நன்றாகச் சமைக்கும் எத்தனை உணவகங்கள் அதற்குக் கீழே தள்ளப்பட்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

"ஐந்து நட்சத்திரம் போட்டால் ஒரு குலாப் ஜாமூன் இலவசம்" என்று யாரேனும் கூறினால், அது சிறிய பரிசாகத் தோன்றலாம். உண்மையில் அது கருத்துக்குக் கொடுக்கப்படும் விலை. ஜாமூனை உண்பவர் ஒருவர். அந்தப் பாராட்டை நம்பிப் பணம் செலவழிப்பவர் வேறொருவர். இந்திய அரசும் இதனைக் கருத்திற் கொண்டுள்ளது. விற்பவரே நுகர்வோர்போல் நடித்துத் தம் பொருளைப் பற்றி மதிப்புரை எழுதுவதை 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தடை செய்கின்றன. இணைய மதிப்புரைகளைத் திரட்டுவதற்கும் சரிபார்ப்பதற்கும் வெளியிடுவதற்கும் உரிய நெறிகளை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022ஆம் ஆண்டு நவம்பரில் வகுத்தது. ஆயினும், எழுதுபவரின் மனச்சான்றுக்குள் எந்த விதியும் புக இயலாது.

நேர்மையாளர் அறிய வேண்டிய மற்றொன்று, தம் நாவின் எல்லை. 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கருநாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறமி சேர்ப்பதற்குத் தடை விதித்தது. ஆய்வுக்கு எடுக்கப்பட்ட 171 கோபி மஞ்சூரியன் மாதிரிகளுள் 107 பாதுகாப்பற்றவை எனத் தெரியவந்ததே அதற்குக் காரணம். செக்கச்செவேல் எனத் தோன்றும் அவ்வுணவைச் சுவைத்த எவருக்கும் நிறமியின் தீங்கு நாவில் தெரிந்திராது. அதை ஆய்வுக்கூடமே கண்டறிந்தது. எனவே, "சுவையாக இருந்தது" என்பதற்கு "உடலுக்கு நல்லது" என்று பொருளாகாது. அதுபோலவே, சான்று ஏதுமின்றி ஓர் உணவை "நஞ்சு" என்று எழுதுவதும் தகாது.

ஒவ்வொரு குறைக்கும் உரிய இடம் ஒன்று உண்டு. சுவை, கவனிப்பு, விலை, காத்திருந்த நேரம் ஆகியவற்றைப் பற்றி இணையத்தில் எழுதலாம். உண்டபின் உடல்நலம் கெட்டால் மருத்துவரிடம் காட்டுவதோடு, உணவுப் பாதுகாப்புத் துறையிடமும் முறையிட வேண்டும். விருப்பமில்லாமலே பில்லில் சேவைக் கட்டணம் சேர்க்கப்பட்டால், அதை நீக்குமாறு கேட்கலாம். அதனைத் தாமாகச் சேர்க்கக் கூடாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022ஆம் ஆண்டு சூலையில் வழிகாட்டியுள்ளது. மறுத்தால், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்பாக, பரிமாறுபவரிடமோ மேலாளரிடமோ நேரில் பணிவாகச் சொல்லிப் பார்ப்பது நன்று. திருத்திக்கொள்ள வாய்ப்பே தராமல் ஊரறியத் தூற்றுவது, தவறு செய்தவனைக் கேளாமலே தண்டிப்பது போன்றது.

"பணம் கொடுத்தவர்க்குத் தம் விருப்பப்படி எழுத உரிமை இல்லையா?" என்றும் கேட்கலாம். உரிமை உண்டு. "எனக்குப் பிடிக்கவில்லை" என்று எழுதும் உரிமையை எவரும் பறிக்க இயலாது. ஆனால், "எனக்குப் பிடிக்கவில்லை" என்பது வேறு. "இது மோசம்" என்பது வேறு. முதல் தொடர் உண்டவரைப் பற்றியது. இரண்டாம் தொடர் உணவைப் பற்றியது. "இன்று இட்லி ஆறியிருந்தது" என்பது கண்ட செய்தி; "இங்கே எப்போதும் ஆறிய இட்லிதான்" என்பது காணாததையும் கண்டதாகக் கூறுவது. ஒரு சொல்லில் நேர்மை கெட்டுவிடுகிறது.

அம்மாணவி சற்றுப் பொறுத்திருந்து எழுதியிருந்தால், அவள் கருத்து இவ்வாறு அமைந்திருக்கலாம்: "ஞாயிறு காலை எட்டு மணிக்குச் சென்றோம். இட்லி மென்மை, வடை மொறுமொறுப்பு. சாம்பார் உடுப்பி முறையில் சற்று இனிப்பாக இருந்தது. எனக்குப் பழக்கமில்லாத சுவை. காரம் விரும்புவோர் சட்னியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். உட்கார்ந்தபோது மேசை துடைக்கப்படாமல் இருந்தது. சொன்ன பிறகே துடைத்தார்கள்." இதைப் படிக்கும் ஒருவர் வேறிடம் தேடலாம். இனிப்புச் சாம்பாரை விரும்பும் மற்றொருவர் இதனாலேயே அங்கே செல்லலாம். உணவகத்தாரும் மேசையை உடனுக்குடன் துடைக்கக் கற்கலாம். முதலில் எழுதிய கோபச் சொற்களில் அந்த மேசை இடம்பெறவே இல்லை; உண்மையான குறை அதுவாகவே இருந்தது.

இரு மொழிகளுக்கும் இரு சுவைகளுக்கும் இடையே வளரும் பிள்ளைகள் இதனை மற்றவர்களைவிட எளிதில் உணர்வர். அம்மா கட்டித் தந்த சுண்டைக்காய் வற்றல்குழம்புச் சோற்றைப் பள்ளியில் கன்னடத் தோழி ஒருத்தி சுவைத்துப் பார்க்கிறாள். "அய்யோ, கசப்பு! உன் அம்மாவுக்குச் சமைக்கவே தெரியாதா?" என்று அவள் கேட்டால் மனம் எவ்வளவு வருந்தும்! மாறாக, "இந்தக் கசப்பு எனக்குப் புதிது, உங்கள் ஊரில் இப்படித்தான் சமைப்பார்களா?" என்று கேட்டால், அங்கே உரையாடல் தொடங்கும். அவளும் பொய் கூறவில்லை. தனக்குப் பிடித்ததாக நடிக்கவும் இல்லை. தான் அறியாத ஒன்றை அறியாததாகவே ஏற்றுக்கொண்டாள்.

அந்தத் தோழியிடம் எதிர்பார்க்கும் நேர்மையைத் தெருமுனை உணவகத்திற்கும் அளிப்பதே முறை. ஆறிய இட்லியை ஆறிய இட்லி என்றே சொல்ல வேண்டும். இனிக்கும் சாம்பாரைக் கெட்ட சாம்பார் என்று சொல்லக் கூடாது.

சொல்லும் பொருளும்

பேறு – பெற்ற நன்மை
ஆற்றுப்படுத்துதல் – வழிகாட்டிச் செலுத்துதல்
ஆமான் – காட்டுப்பசு
விழுக்காடு – நூற்றில் இத்தனை பங்கு
நிறமி – நிறம் தரும் பொருள்

எண்ணி எழுதுக

1. "வேறுபாட்டைக் குற்றமாகக் கருதுதல்" என்பதை உம் வாழ்வில் கண்ட ஒரு நிகழ்வைக் கொண்டு விளக்குக.
2. "எனக்குப் பிடிக்கவில்லை", "இது மோசம்" ஆகிய தொடர்களின் பொருள் வேறுபாட்டை எழுதுக.
3. அண்மையில் நீர் உண்ட உணவகம் ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்களில் நேர்மையான கருத்துரை எழுதுக. கண்டது எது, உம் விருப்பம் எது என்பது தெளிவாக விளங்க வேண்டும்.