ஆறு தசம இலக்கமும் ஆறு ஆண்டுச் செக்ரோலும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்பு ஒழுங்குமுறை இரண்டாம் முறையாகத் தள்ளிப்போயிருக்கிறது. 2024 டிசம்பர் 30 என்றிருந்த அமலாக்க நாள் முதலில் ஓராண்டு நகர்ந்தது. 2025 டிசம்பரில் நிறைவேறிய திருத்தம் அதைப் பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30 என்றும், சிறு, குறு நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30 என்றும் மாற்றியிருக்கிறது. தோட்ட நிர்வாகிகளும் ஆலைக் கொள்முதல் மேலாளர்களும் கூட்டுறவுச் செயலாளர்களும் பெருமூச்சு விட்டிருப்பார்கள். ஆனால், அதற்கான கோப்பு அலமாரிக்குத் திரும்பக் கூடாது என்பதே இவ்விதழின் நிலைப்பாடு. கிடைத்த ஓராண்டில் செய்ய வேண்டிய முதல் வேலை வரைபடத்தில் இல்லை, ஆள் பதிவேட்டில் இருக்கிறது.

2023/1115 என்னும் எண்ணுடைய இந்த ஒழுங்குமுறை கேட்கும் மூன்று படிகள் நம் வாசகர்களுக்குப் புதியவை அல்ல. தகவல் திரட்டல், இடர் மதிப்பீடு, இடர் தணிப்பு என்ற வரிசை எந்த ஆய்வுமுறைப் பாடத்திலும் உள்ளதுதான். சிக்கல், பலர் முதல் படியிலேயே நின்றுவிடுவது. ஜிபிஎஸ் கருவியோடு ஓர் ஆளை அனுப்பி, நிலப்புள்ளியை ஆறு தசம இலக்கம் வரை குறித்து, நான்கு ஹெக்டருக்கு மேற்பட்ட நிலமென்றால் எல்லைக்கோடு வரைந்து, கோப்பை ஏற்றிவிட்டால் வேலை முடிந்ததாக எண்ணுகிறார்கள். எந்தச் சிறுதோட்டக்காரரை வைத்துக்கொள்வது, யாருக்கு அவகாசம் தருவது, யாரிடம் வாங்குவதை நிறுத்துவது என்பது இரண்டாம், மூன்றாம் படிகளில் வரும் முடிவு. அதை எடுக்க வேண்டியது இயக்குநர் குழு. ஆலோசகரின் கணினியில் அது எடுக்கப்படுவதில்லை.

தரவைத் தேர்ந்தெடுப்பதே முடிவைத் தீர்மானிக்கும் என்பதற்கு 2025 மே மாதம் வந்த நாடுகளின் பட்டியல் போதும். மலேசியா ‘சராசரி இடர்’ வகையில் வைக்கப்பட்டது. தாய்லாந்து, வியட்நாம், இந்தியா மூன்றும் ‘குறைந்த இடர்’. சராசரி வகை நாட்டுச் சரக்கைக் கையாள்வோரில் ஆண்டுக்கு 3 விழுக்காட்டினர் சோதனைக்கு உள்ளாவர். குறைந்த வகையில் 1 விழுக்காடு. இந்த வரிசைக்கு அடிப்படை, ஐநா உணவு வேளாண் நிறுவனத்தின் 2020 வன மதிப்பீடு. கையுறையும் இந்த ஒழுங்குமுறைக்குள் வருவதால், கமுந்திங்கில் கையுறை ஆலை நடத்துபவர் தாய்லாந்து ரப்பர்ப் பாலுக்கும் உள்ளூர் ரப்பர்ப் பாலுக்கும் இடையே ஒப்பிடும்போது, விலையோடு இந்த இரண்டு விழுக்காட்டு வேறுபாடும் கணக்கில் சேரும். பழைய தரவைக் கொண்டு தரம் பிரித்தார்கள் என்று மலேசியா எழுப்பிய ஆட்சேபம் நியாயமானது. பிறர் தரவு பழையது என்று சொல்லும் நாம் நம் தரவை எந்த நிலையில் வைத்திருக்கிறோம் என்று ஐரோப்பியர் திருப்பிக் கேட்டால், பதில் அவ்வளவு எளிதாக வராது.

நிலத்தை எடுத்துக்கொள்வோம். நாட்டின் ரப்பரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சிறுதோட்டக்காரர்களுடையது. ரப்பர் வாரியத்தின் பாட்-ஜி அனுமதி அட்டையும் ‘ஆர்ஆர்ஐஎம் நியாகா’ செயலியும் யார் விற்றார், எவ்வளவு விற்றார் என்பதைச் சொல்லும். அவர் சீவும் நிலத்துக்கு என்ன உரிமை என்பது மாநில நில அலுவலகத்தில் இருக்கிறது. பேராக்கில் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய டிஓஎல் என்னும் தற்காலிக நில உரிமத்தில் பயிர் செய்பவர்களும் உண்டு. 2025 ஏப்ரல் 28 அன்று நடப்புக்கு வந்த தரவுப் பகிர்வுச் சட்டம், சட்டம் 864, கூட்டரசு நிறுவனங்கள் தமக்குள் தரவைப் பகிர வழி செய்கிறது. நிலமோ கூட்டரசு அரசமைப்பின்படி மாநில விவகாரம். ஐரோப்பா கேட்கும் முதல் ஆவணமே புதிய சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. புத்ராஜெயாவும் ஈப்போவும் உட்கார்ந்து பேசினால் தீரக்கூடிய சிக்கல் இது. தீரும் என்று நம்பி இவ்விதழ் இதைக் கடந்து செல்கிறது.

கடந்து செல்ல முடியாதது ஒன்று உண்டு. ‘உற்பத்தி நாட்டின் சட்டப்படி விளைந்தது’ என்பதற்கு ஒழுங்குமுறை தரும் வரையறையில் நில உரிமை, சுற்றுச்சூழல், வரி ஆகியவற்றோடு தொழிலாளர் உரிமையும் இருக்கிறது. ஆலோசகர்களின் விளக்கப்படங்களில் இது கடைசி வரியாக வந்து போகிறது. சட்டத்தில் அது கடைசி வரி இல்லை.

தொழிலாளர் உரிமையை எதைக் கொண்டு நிரூபிப்பது? செக்ரோல் என்னும் தோட்ட வருகை, சம்பளப் பதிவேட்டைக் கொண்டுதான். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்தவர் யார், எத்தனை நாள் பெயர் போட்டது, சம்பளத்தில் எவ்வளவு பிடித்தது என்பதெல்லாம் தோட்ட எழுத்தரான கிராணி எழுதிய அந்தப் புத்தகத்தில் இருக்கும். 1955 வேலைச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு அந்தப் பதிவேட்டை ஆறு ஆண்டுகளுக்குக் குறையாமல் வைத்திருக்கச் சொல்கிறது. ஏழாம் ஆண்டில் எரித்தால் குற்றமில்லை. 2003 தேசிய ஆவணக் காப்பகச் சட்டமும் பொது ஆவணங்களைக் காப்பதற்கே எழுதப்பட்டது. தனியார் தோட்டத்தின் செக்ரோலைக் காக்க அதில் கட்டாயம் இல்லை. பேராக்கில் தோட்டம் கைமாறியபோதும், ரப்பர் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தபோதும், வீடமைப்புத் திட்டம் முளைத்தபோதும், அந்தப் புத்தகங்கள் எங்கே போயின என்று எவரும் கேட்கவில்லை. கேட்கும் கடமை எந்த அதிகாரிக்கும் தரப்படவில்லை.

1877-இல் நாற்றுகள் ஊன்றப்பட்ட கோலகங்சாரில், அக்காலத்து ரப்பர் மரம் ஒன்று வரலாற்றுச் சின்னமாகக் காக்கப்படுகிறது. ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்ஃபீல்டு நிறுவனத்தின் ஆவணங்கள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் வரிசை எண்ணோடு கிடைக்கின்றன. அத்தகைய நிறுவனங்களின் தோட்டங்களில் சீவியவர் பெயரைத் தேடும் பேரப்பிள்ளைக்கு எங்கே போவது என்று சொல்ல ஓர் அலுவலகம் இல்லை. பிறப்புப் பத்திரம் இல்லாமல் அடையாள அட்டைக்கு அலையும் குடும்பங்களுக்குத் தாத்தா எந்தத் தோட்டத்தில், எந்தத் தொழிலாளர் லயத்தில் இருந்தார் என்பதைக் காட்டும் ஒரு பக்கம் எவ்வளவு மதிப்புடையது என்பதை அதிகாரிகள் அறியாதவர்கள் அல்ல. அவர்களே அந்த ஆதாரத்தைக் கேட்கிறார்கள். அது அழிவதற்கு அனுமதித்ததும் அவர்கள் சார்ந்த அரசுதான்.

இந்த அலட்சியத்துக்கு வயது அதிகம். 1951 முதல் 1960 வரை மலாயாவில் நடந்த தோட்டத் துண்டாடலைப் பொருளியலாளர் உங்கு அசிஸ் ஆராய்ந்து, அந்த ஆய்வு 1962-இல் மூன்று தொகுதிகளாக மலாயாப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. முடிவெடுப்போருக்கு அதைவிட நேரடியான ஆய்வு கிடைப்பது அரிது. ஆனால், நாற்பது ஹெக்டரும் அதற்கு மேலும் உள்ள தோட்ட நிலத்தை மாற்றுவதற்கு ஒப்புதல் வேண்டும் என்னும் 214ஏ பிரிவு, நில விதிக்கோவையில் சில ஆண்டுகள் கழித்தே நுழைந்தது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த அரசியல் தலைவர் வீ.தி. சம்பந்தன் அந்த ஆய்வு அச்சேறும்வரை காத்திருக்கவில்லை. 1960-இல் அவர் முயற்சியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டி நூறு வெள்ளிப் பங்கு சேர்த்தார்கள். முழுத் தரவு இல்லாத நிலையில் எடுத்த துணிச்சலான நிர்வாக முடிவு என்று மட்டுமே அதைப் பாடம் நடத்துகிறோம். அதில் நாம் கவனிக்கத் தவறியது உறுப்பினர் பதிவேடு. பால்மரம் சீவியவர் செக்ரோலில் ஆறு ஆண்டு வாழ்ந்தார். பங்குதாரரான பிறகே அவர் பெயருக்குச் சட்டத்தின் காவல் கிடைத்தது.

1980-க்கும் 2000-க்கும் இடையே தோட்டங்களிலிருந்து வெளியேறியவர்கள் மூன்று லட்சம் பேர் என்ற மதிப்பீடு அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. மதிப்பீட்டைக் கொண்டு மேடையில் பேசலாம். திட்டத்துக்குப் பணம் ஒதுக்கிவிட்டு, யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று சரிபார்க்க முடியாது. மலேசிய இந்தியர் பெருந்திட்டம் 2017-இல் வந்தது. மக்கள் கணக்கெடுப்பு இனம், வயது, தொழில் கேட்கிறது. முன்னாள் தோட்டக் குடும்பமா என்று கேட்பதில்லை. அந்த மக்களுக்கென்று அமைத்த அமைப்புகளே அந்த மக்களின் பட்டியல் இல்லாமல் இயங்குவதை, எந்த வணிகப் பள்ளியும் தேர்வுத்தாளில் தவறான விடையாகத்தான் திருத்தும்.

பதிவேடு இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் நாடு பார்த்திருக்கிறது. 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை, கட்டாய உழைப்புப் புகாரின் பேரில், மலேசியக் கையுறை நிறுவனமான டாப் குளோவின் துணை நிறுவனங்களின் கையுறைகளைத் தடுத்தது. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் கட்டாய உழைப்புக் குறியீடுகளைக் கொண்டு சுயேச்சை ஆய்வாளர்கள் நிலைமையை அளந்தார்கள். அந்நாள், முன்னாள் தொழிலாளர்களுக்கு ஆட்சேர்ப்புக் கட்டணமாக 136 மில்லியன் ரிங்கிட் திருப்பித் தரப்பட்டது. 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. யாருக்கு எவ்வளவு என்று பெயர் பெயராகக் கணக்கிட முடிந்ததால் அது இயன்றது.

ஆகவே 2026 டிசம்பருக்குள் நடக்க வேண்டியவை இவை. தோட்ட நிறுவனங்கள் கையிலுள்ள செக்ரோல், லயப் பதிவேடு எதையும் ஆறு ஆண்டு முடிந்தது என்று அழிக்க வேண்டாம். படமெடுத்து வைக்கும் செலவு, ஒரு நில அளவைக் குழுவை ஒரு வாரம் வைத்திருக்கும் செலவைத் தாண்டாது. பேராக் அரசின் தோட்ட நில வாரியம், 214ஏ ஒப்புதல் தரும்போது, தொழிலாளர் பதிவேடுகளின் படியை ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைப்பதை நிபந்தனையாக்க வேண்டும். 1951-இல் சட்டமான ஊழியர் சேமநிதியில் சந்தா, முதலாளி வாரியாகப் பதிவாகி வந்திருக்கிறது. எந்தத் தோட்டத்தில் யார் வேலை செய்தார் என்பதை மீட்டெடுக்க எஞ்சியிருக்கும் பெரிய ஆதாரம் அது. சட்டம் 864-இன் கீழ் அதைக் கேட்டுப் பெற மனிதவள அமைச்சு முன்வர வேண்டும். சட்டம் இடம் தராது என்று கருதினால், எந்தப் பிரிவு தடுக்கிறது என்பதை எழுத்தில் வெளியிட வேண்டும்.