முன்பக்கம் மயக்கும், பின்பக்கம் படி!



"அவருக்கும் சுகர் வந்திருச்சாம்" என்ற பேச்சு கேட்காத தெரு இன்று நம் கீரமங்கலத்தில் உண்டா? 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. அதன் எல்லைக்கோட்டில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர். நாம் உண்ணும் உணவின் ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று 2025-இல் அதே ஆய்வின் அடுத்த கட்டுரை சொன்னது. டாக்டர்கள் சோற்றைக் குறைக்கச் சொல்வதில் வியப்பென்ன? 2010-களின் நடுவில் நியாண்டர் செல்வன் போன்றோரின் எழுத்துகள் மூலம் 'பேலியோ' என்ற சொல்லும் தமிழ் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. இட்லிக்கு லீவு, முட்டைக்கு வரவேற்பு!

நல்லதுதான். ஆனால் சோற்றைக் குறைத்தவர் நாலு மணிக்குப் பசித்தால் என்ன செய்கிறார்? கடைத்தெருவுக்குப் போய், "அண்ணே, சுகர் ஃப்ரீ பிஸ்கட் ஒண்ணு குடுங்க" என்கிறார். வாசல் வழியாக அனுப்பி வைத்த மாவுச்சத்தைக் கொல்லைப்புறமாக அழைத்து வருகிறார்! இதுதான் இன்று வீட்டுக்கு வீடு நடக்கும் கதை.

சட்டப்படி 'சுகர் ஃப்ரீ' என்றால் 100 கிராமில் சர்க்கரை அரை கிராமுக்கு மேல் இல்லை என்றுதான் அர்த்தம். மாவைப் பற்றி அந்தச் சொல் வாயே திறக்கவில்லை. பாக்கெட்டைத் திருப்புங்கள். சத்து அட்டவணையில் 'கார்போஹைட்ரேட்' என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே 'டோட்டல் சுகர்ஸ்', 'ஆடட் சுகர்ஸ்' என்று தனித்தனி வரிகள். நம்ம ஆட்கள் பார்ப்பது கீழ் வரியை. பார்க்க வேண்டியது மேல் வரியை.

ஒரு சின்னக் கணக்கு. 100 கிராமுக்குக் கார்போஹைட்ரேட் 72 கிராம் என்று போட்டிருக்கிறது. பாக்கெட் 75 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 54 கிராம் மாவுச்சத்து. 100 கிராம் சோற்றில் இருப்பது சுமார் 28 கிராம். ஆக, அந்தச் சிறிய பாக்கெட்டைக் காலி செய்தவர் ஏறக்குறைய 190 கிராம் சோறு சாப்பிட்டிருக்கிறார். கேட்டால், "நான் சோறே தொடலப்பா" என்பார்!

அடுத்து, சேர்மானப் பட்டியல். எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. முன்பக்கத்தில் கேழ்வரகுக் கதிர் படம் சிரிக்கும். பின்பக்கத்தில் முதல் பெயர் 'ரிஃபைன்ட் வீட் ஃப்ளோர்', அதாவது நம்ம மைதா! 'மால்ட்டோடெக்ஸ்ட்ரின்' என்று ஒன்று வரும். அது சர்க்கரைக் கணக்கில் வராது. ஆனால் ரத்தத்தில் சர்க்கரையை விறுவிறு என்று ஏற்றும். 'லிக்விட் குளுக்கோஸ்', 'இன்வர்ட் சிரப்' எல்லாம் சர்க்கரைக்கு வேறு வேறு சட்டை. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? 965 என்ற எண் மால்ட்டிடால். அதுவும் ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றும். அளவு மீறினால் வயிற்றையும் கலக்கும்.

முன்பக்கத்தை ஏன் நம்பக்கூடாது என்பதற்கு அரசே சாட்சி. 2024 ஏப்ரலில், 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் பானங்களை வைக்காதீர்கள் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு மத்திய அரசு சொன்னது. காரணம், சட்டத்தில் அப்படி ஒரு பானமே வரையறுக்கப்படவில்லை! அதே ஆண்டு ஜூனில், '100 சதவீதப் பழச்சாறு' என்ற வாசகத்தை லேபிளிலிருந்து எடுக்கும்படி உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

இதுவரை சொன்னது எச்சரிக்கை. இனிமேல் சொல்வது என் ஆதங்கம்.

லேபிள் விவரங்கள் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் இருந்தால் போதும் என்கிறது விதி. தமிழ் இருந்தால் தடையில்லை; இல்லாவிட்டால் கேள்வியும் இல்லை. 2023 மார்ச்சில் தயிர் பாக்கெட்டில் 'தஹி' என்று போடச் சொன்னபோது தமிழ்நாடே கொதித்தது. முதல்வர் கண்டித்தார், ஆவின் மறுத்தது, சில நாட்களிலேயே ஆணையம் இறங்கி வந்தது. முன்பக்கப் பெயருக்காகப் போராடி வென்றோம். ஆனால் பின்பக்க எண்களுக்காக யார் குரல் கொடுத்தோம்? விடியுமுன் பூப்பறித்து மார்க்கெட்டுக்குக் கொண்டுவரும் நம்ம ஊர் அம்மாவுக்கு, தான் வாங்கும் பிஸ்கட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள உரிமை இல்லையா? "இடம் போதாது" என்பார்கள் கம்பெனிக்காரர்கள். நடிகர் படத்துக்கு இடம் இருக்கிறதே! தமிழ்நாட்டில் விற்கும் பாக்கெட்டில் சத்து அட்டவணை தமிழிலும் இருப்பது கட்டாயமாக வேண்டும். இதுவே என் கருத்து.

அந்த நாள் வரும்வரை? நாம்தான் இருக்கிறோமே! வெர்னியரில் மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கைப் படிக்கிறோம்; பிளூ பிரின்ட்டில் ஒரு கோடு பிசகினாலும் கண்டுபிடிக்கிறோம். வீட்டில் அப்பா தின்னும் பாக்கெட்டைப் படிக்காமல் விட்டால், விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டே கிணற்றில் விழுந்த கதைதான். லேபிளே இல்லாத நம்ம ஊர்ப் பண்டங்களையும் கணக்கில் வையுங்கள். 100 கிராம் தேங்காயில் மாவுச்சத்து சுமார் 15 கிராம். அதில் 9 கிராம் நார்ச்சத்து. பலாச்சுளையிலோ இருபதுக்கு மேல். இரண்டும் நம் மண்ணில் விளைந்தவைதான். ஆனால் சுகர்க்காரருக்கு இரண்டும் ஒன்றல்ல.

ஒரு வார்த்தை: மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாவுச்சத்தைத் திடீரென்று வெட்டக்கூடாது. சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம்.

நம் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். லேபிள் படிக்கும் முறையை ஒரே பக்கத்தில் தமிழில் அச்சடித்து, கடைத்தெருவில் மளிகைக் கடைக்கு ஒன்று ஒட்டுவோம். செலவு சில நூறு ரூபாய். வரும் ஆண்டு விழாவுக்குக் கட்டும் தோரணத்தில் பத்து முழம் குறைத்தால் போதாதா, நண்பர்களே?